மதிப்பெண் பட்டியலில் ஒளிந்திருக்கும் இரண்டு மேடுகள்

ஒரு வகுப்பில் 20 பேர் 50 மதிப்பெண்ணுக்குத் தேர்வு எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். விடைத்தாள் திருத்திய வரிசையில் மதிப்பெண்கள் இவை: 12, 38, 17, 41, 14, 36, 43, 16, 27, 39, 15, 42, 18, 37, 13, 44, 16, 40, 24, 31.

இது செப்பனிடப்படாத தரவு. தகவல் எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது, ஆனால் வகுப்பு எப்படிப் படிக்கிறது என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. சராசரி போட்டால் 28.15. சுமாரான வகுப்பு என்று தோன்றும்.

சரி, நிகழ்வெண் பரவலாக, அதாவது எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்று காட்டும் அட்டவணையாக, மாற்றிப் பார்ப்போம். மிகச் சிறிய எண் 12, மிகப் பெரியது 44. வித்தியாசமான 32தான் வீச்சு. இதை எத்தனை பிரிவுகளாக வெட்டுவது? 1926இல் ஸ்டர்ஜஸ் என்ற புள்ளியியலாளர் ஒரு சூத்திரம் தந்தார்: தரவின் எண்ணிக்கைக்கு 10 அடிமான மடக்கை எடுத்து, 3.322ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். நமக்கு 5.3 பிரிவுகள் வருகின்றன, வீச்சான 32ஐ அதால் வகுத்தால் பிரிவின் அகலம் ஏறக்குறைய 6. எண்ணுவதற்கு வசதியாக 5 என்றே வைத்து, 10இலிருந்து தொடங்கலாம். சூத்திரம் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளத் தேவையில்லை.

இனி ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் அதன் பிரிவுக்கு எதிரே ஒரு கோடு. ஐந்தாவது கோடு மட்டும் முந்தைய நான்கின் மேல் குறுக்கே. 40 வரும்போது கை தயங்கும். 35–40இல் போடுவதா, 40–45இல் போடுவதா? மேல் எல்லையில் நிற்கும் எண் அடுத்த பிரிவுக்கே போகும் என்று தொடங்கும் முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணிவிடுவோம்.

எண்ணி முடித்தால் 10–15 தொடங்கி 40–45 வரை நிகழ்வெண்கள் இப்படி வருகின்றன: 3, 5, 1, 1, 1, 4, 5. கூட்டினால் 20, கணக்கு சரி. இரண்டு பக்கமும் மேடு, நடுவில் பள்ளம்! சராசரிக்குப் பக்கத்தில் 27 வாங்கிய ஒருவர்தான் இருக்கிறார். பாடம் புரிந்தவர்கள், புரியாதவர்கள் என வகுப்பு இரண்டாகப் பிரிந்து கிடப்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது.

அதே தரவை 0இலிருந்து 20 அகலத்தில் வெட்டினால் 8, 7, 5 என்று சாதுவாக இறங்கும். பள்ளம் இருந்த சுவடே தெரியாது. அகலம் 1 என்றால் 16ஐத் தவிர எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கோடு, மறுபடி பழைய குழப்பம்.

இந்தத் தெளிவுக்கு ஒரு விலையும் உண்டு. அட்டவணையில் 15–20க்கு 5 பேர் என்றுதான் இருக்கும், யார் எவ்வளவு என்பது போய்விடும். எல்லாருக்கும் பிரிவின் நடுமதிப்பைக் கொடுத்துச் சராசரி கணக்கிட்டால் 28.15க்குப் பதில் 28.5 வரும். மூலப் பட்டியல் கையில் இருந்தால் எந்த அகலத்திலும் திரும்ப எண்ணலாம். 20 அகல அட்டவணை மட்டும் மிஞ்சியிருந்தால், அந்தப் பள்ளத்தை மீட்க வழியே இல்லை.