ரேடியேட்டர்: வீசுகிறதா, ஆற்றுகிறதா?

அம்பத்தூரில் ஒரு ஷெட்டில் நண்பரின் பழைய ஃபார்கோ லாரி நிற்கிறது. பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, நம்மூர் சிம்சன் கம்பெனியின் பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜின் ஒன்றை இறக்கிவிட்டார். இறக்கின பிறகுதான் யோசனை வந்தது: இதற்கு எந்த ரேடியேட்டர், எந்த ஃபேன்? அவரோடு புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் மூன்று சனிக்கிழமை அலைந்தேன். எனக்கு வேறொரு யோசனை ஒட்டிக்கொண்டது: இன்ஜினைச் சுற்றிவரும் தண்ணீரின் சூட்டைத் தணிக்கும் இந்த ரேடியேட்டரைத் தமிழில் என்னவென்று சொல்வது?

தேடினால் முதலில் அகப்படுவது ‘கதிர்வீசி’. கடையில் போய்க் கதிர்வீசி வேண்டும் என்றால் கல்பாக்கத்துக்கு வழி சொல்வார்கள். மொழிபெயர்த்தவர் மேல் குற்றமில்லை, மூலச்சொல்லே அப்படித்தான். லத்தீனில் ‘ரேடியஸ்’ என்றால் சக்கரத்தின் ஆரக்கால். ஆரக்கால் போலப் பாயும் ஒளிக்கதிருக்கும் அதுவே பெயர். குளிர்நாட்டு வீடுகளில் வெந்நீரோ நீராவியோ ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புச் சாதனத்தை 19ஆம் நூற்றாண்டில் ரேடியேட்டர் என்றார்கள். மோட்டார் வண்டி வந்ததும் அதே பெயர் வண்டியின் மூக்கில் ஏறிக்கொண்டது.

ஆனால் வண்டி ரேடியேட்டர் கதிர் வீசிப் பிழைப்பதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். அரைச் சதுர மீட்டர் முகப்பு, 90 டிகிரி சூடு, வெளியே 35 டிகிரி வெயில். முன்னும் பின்னும் சேர்த்து அது கதிராக வீசுவது 500 வாட்டுக்குள்தான் வரும். 80 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் முழு இழுவையில் தண்ணீருக்குள் தள்ளும் வெப்பமோ 40, 50 கிலோவாட்டைத் தொடும். நூற்றில் ஒரு பங்குதான் கதிர். மிச்சத்தையெல்லாம் காற்றுதான் அள்ளிக்கொண்டு போகிறது. ஆகவே கதிர்வீசி என்பது ஒரு தப்பான பெயரின் சரியான மொழிபெயர்ப்பு.

சரியான சொல் ஒரு ரேடியேட்டர் பட்டறையில் கிடைத்தது. லாரியின் பழைய ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, கோரின், அதாவது குழாயும் தகடும் அடுக்கிய நடுப்பகுதியின், கனத்தைக் கட்டைவிரலால் அளந்தார். “இதுல தண்ணி ஆறாதுண்ணே” என்றார். அவ்வளவுதான்.

காபி ஆறுகிறது, புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது. தானாகத் தணிந்தால் ஆறுவது, நாம் தணித்தால் ஆற்றுவது. டம்ளரிலிருந்து டபராவுக்குக் காபியை ஆற்றுகிறவர் என்ன செய்கிறார்? கையை உயர்த்தி மெல்லிய தாரையாக இழுக்கிறார். காபி காற்றில் படும் பரப்பு கூடுகிறது, சூடு இறங்குகிறது. ரேடியேட்டரும் தண்ணீரைச் சப்பைக் குழாய்களில் மெலிதாகப் பிரித்து, இடையிடையே தகடு மடித்து, காற்றுக்குக் காட்டுகிறது. (காபியில் ஆவி பறப்பதாலும் சூடு குறையும், ரேடியேட்டர் மூடியது, அந்த வசதி அதற்கில்லை.) 1901இன் மெர்சிடிஸ் வண்டிக்குத் தேன்கூடு போல 8,070 சிறு குழாய்களை அடுக்கியதும் இந்தப் பரப்புக்காகத்தான்.

என் ஓட்டு ‘வெப்பாற்றி’க்கு. வெப்பு என்பது சூட்டுக்கும் காய்ச்சலுக்கும் பழைய பெயர். பாண்டியனுக்கு வந்தது வெப்பு நோய். ‘குளிர்விப்பான்’ என்றும் சொல்லலாம், ஆனால் அது ஃபிரிட்ஜ் மாதிரி கேட்கிறது. தண்ணீர் குளிர்ந்துவிட்டாலும் இன்ஜினுக்கு ஆகாது. 80, 90 டிகிரியில் நிற்க வேண்டும். ஆற்றுவது என்றால் குடிக்கிற பதம். அந்த நுணுக்கம் குளிர்விப்பதில் இல்லை.

அந்தப் பட்டறையிலேயே நாலு வரிசைக் கோர் போட்டோம், பித்தளைத் தொட்டி பழையதே. நண்பர் அதில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு தாங்கும் அழுத்த மூடியைத் திருகினார். அழுத்தம் ஏறினால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்துத் தொட்டி அவ்வளவு அழுத்தத்துக்குச் செய்ததில்லை. பாடி மேம்பாலம் ஏறும்போது மேல்தொட்டியின் ஈயப்பற்று விட்டு, சாலையெல்லாம் வெந்நீர். இப்போது 4 பவுண்டு மூடி.

அப்புறம் ஃபேன். இதற்கு விசிறி என்ற நல்ல சொல் இருக்கிறது, விவாதமே இல்லை. வேடிக்கை ஆங்கிலச் சொல்லில்தான்: அது லத்தீனின் ‘வன்னுஸ்’ வழி வந்தது, பொருள் தானியம் தூற்றும் கூடை. கிட்டத்தட்ட நம் முறம்! நடிகருக்கு இருக்கும் ஃபேன் வேறு குடும்பம். அது வெறியரைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம்.

நண்பர் முதலில் கரண்ட் ஃபேன் கேட்டார். லாரியில் இருப்பது பழைய டைனமோ. ஐட்லிங்கில் அது தருவது அற்பம், பெரிய ஃபேனோ 20 ஆம்பியருக்கு மேல் கேட்கும். டிராஃபிக்கில் நிற்கும்போதுதான் ஃபேன் தேவை, அப்போதுதான் கரண்டும் இல்லை. சரி, பெல்ட் ஃபேனே என்று முடிவானது. அதிலும் ஒரு சிக்கல்: டீசல் இன்ஜின் பெட்ரோலை விட மெதுவாகச் சுற்றும், கூடவே ஃபேனும் மெதுவாகும். பழைய நாலு இலையைக் கழற்றி ஆறு இலை போட்டோம்.

அப்போதும் சூடு காட்டும் முள் இறங்கவில்லை. ஃபேன் பக்கவாட்டுக் காற்றையே சுழற்றிக்கொண்டிருந்தது. தகரத்தில் ஒரு கூடு அடித்து, கோரின் முழு முகத்தையும் மூடி, இலைகள் பாதி கூட்டுக்குள்ளும் பாதி வெளியிலுமாக நிறுத்திய பிறகுதான் முள் 85இல் நின்றது. அந்தக் கூட்டுக்கு நான் இன்னும் பெயர் தேடவில்லை. பட்டறைக்காரர் பில்லில் ‘தகர வேலை’ என்று எழுதியிருக்கிறார்.