லக்சுரி: சொகுசா, ஆடம்பரமா?

காலைப் பேப்பருக்குள் செருகி வரும் துண்டறிக்கைகளை நான் ஒரு வரி விடாமல் படிப்பேன். போன வாரம் ஒரு கார் விற்பனை நிலையத்தின் அறிக்கை வந்தது. வழுவழுப்பான தாள், அருமையான படம், கீழே இரண்டு வரித் தமிழ்: 'ஆடம்பரத்தின் கொடிக்கப்பல். உங்கள் ஆடம்பரப் பயணம் சேலத்தில் ஆரம்பம்.' யூடியூபில் கார் விமர்சனம் செய்கிற பிள்ளைகள் வாயிலும் இதே 'ஆடம்பர செடான்'தான் (செடான் என்றால் டிக்கி தனியாக நீண்டிருக்கும் கார்). ஆங்கில 'லக்சுரி'யைத்தான் எல்லோரும் இப்படி ஆடம்பரம் என்று பெயர்க்கிறார்கள்; சொகுசு என்று எழுத வேண்டும் என்பது என் கட்சி. மெர்சிடிஸின் பெரிய காரான எஸ் கிளாஸுக்கும் பிஎம்டபிள்யூவின் 7 சீரிஸுக்கும் போட்டி என்று யார் எழுத உட்கார்ந்தாலும் இந்த ஆடம்பரம் பத்திக்கு ஒரு தடவை வந்து விழுகிறது. ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்து வாங்க வருகிறவரை முதல் வரியிலேயே வைகிற சொல் இது. விற்கிறவருக்கே அது உறைக்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லக்சுரியின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் லக்சுஸ் என்றால் மிகை, அளவு மீறல். அதன் வழியில் வந்த சொல் 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது காம இச்சையைத்தான் குறித்தது. 17-ஆம் நூற்றாண்டுவாக்கில்தான் வசதி, விலையுயர்ந்த பொருள் என்கிற பக்கம் சாய்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இரண்டையும் தனித்தனிச் சொல்லாகவே வைத்திருக்கிறார்கள்: இச்சைக்கு லுக்சூர், வசதிக்கு லுக்ஸ். அந்த லுக்ஸ்தான் 'டீலக்ஸ்' ஆகி நம் ஊர்ப் பேருந்துகளின் நெற்றியில் ஏறியது.

ஆடம்பரம் சமஸ்கிருதச் சொல். அங்கே அதற்கு முரசு என்றும், முரசின் பேரொலி என்றும் பொருள். அதிலிருந்து வெற்று ஆரவாரம், தற்பெருமை என்று விரிந்தது. தமிழுக்கு வந்த பிறகும் அந்தச் சத்தம் அதை விட்டுப் போகவில்லை. ஆடம்பரச் செலவு, ஆடம்பர வாழ்க்கை, ஆடம்பரம் இல்லாத கல்யாணம் என்று நாம் புழங்குகிற இடங்களை எல்லாம் எடுத்துப் பாருங்கள். எளிமைக்கு எதிர்ப்பதம் என்ன என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் ஆடம்பரம் என்றுதான் சொல்லும். ஊர் பார்க்க வேண்டும் என்று செய்வது ஆடம்பரம். பார்க்க ஆள் இல்லாவிட்டால் ஆடம்பரம் இல்லை.

சொகுசு அப்படி அல்ல. அது உள்ளே உட்கார்ந்திருக்கிறவரின் உடம்பு உணர்கிற விஷயம். யாரும் பார்க்காத நடுராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டு சென்னைக்குப் போகிற பேருந்தில் காலை நீட்டிப் படுத்தாலும் சொகுசு சொகுசுதான்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டப வாசலில் இந்த வித்தியாசம் காதிலேயே விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டு வந்திருந்த பெரிய காரிலிருந்து வேட்டி கட்டிய ஒரு பெரியவர் இறங்கினார். இறங்கியவர் கதவைப் பலமாகச் சாத்தக் கையை ஓங்கினார். ஓட்டுநர் ஓடி வந்து, "அடிக்காதீங்க பெரியப்பா, சும்மா ஒட்டி வெச்சாப் போதுங்க, அதுவே மூடிக்கும்" என்றார். பெரியவர் ஒரு விரலால் கதவைத் தள்ளினார். அது கடைசி அரை அங்குலத்தைத் தானே இழுத்துக்கொண்டு சத்தமில்லாமல் பொருந்தியது. திரும்பவும் திறந்து, திரும்பவும் ஒட்டி வைத்துப் பார்த்தார். "அட, நல்ல சொகுசாத்தான் இருக்குது" என்றார். அந்த இடத்தில் "நல்ல ஆடம்பரமா இருக்குது" என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார். சொன்னால், கார்க்காரர் முகம் சுருங்கிப் போகும்.

இப்போது, லக்சுரிக்குச் சொகுசு ஆகாது என்கிற எதிர்த் தரப்பின் வாதங்களுக்கு வருகிறேன். முதல் வாதம், சொகுசு சின்னச் சொல், பேருந்துக்கும் லாட்ஜுக்கும் போட்டுத் தேய்ந்த சொல், இவ்வளவு பெரிய காருக்குப் பற்றாது என்பது. தேய்ந்த சொல் என்றால் எல்லோருக்கும் தெரிந்த சொல் என்று அர்த்தம். புதிய பேருந்து நிலையத்தில் 'சொகுசுப் பேருந்து' என்று எழுதியதைப் படித்துவிட்டு இது எதைக் குறிக்கிறது என்று யாரும் விழிப்பதில்லை. ஏற்காட்டில் தங்கும் விடுதிக்காரர்கள் 'சொகுசு அறைகள்' என்று எழுதுகிறார்கள். ஒருவர்கூட 'ஆடம்பர அறைகள்' என்று எழுதி வாடிக்கையாளரை வரவேற்பதில்லை. 2021-இல் வெளிநாட்டுக் கார்களுக்கான நுழைவு வரி வழக்கு பேச்சானபோதும் பத்திரிகைகளில் அடிபட்டது 'சொகுசுக் கார்' என்கிற தொடர்தான். நன்றாக வேர் பிடித்த சொல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறொன்றை நட வேண்டிய அவசியம் என்ன?

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. சொகுசிலும் ஒரு பழிப்பு இருக்கிறதே என்கிறார்கள். "சொகுசு கண்ட உடம்பு", "சொகுசு பார்க்கிறான்" என்று நாம் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தப் பழி வேலைக்கு வணங்காத ஆள் மேல் விழுகிறதே தவிர, அவன் படுத்திருக்கும் மெத்தை மேல் விழுவதில்லை. சொகுசான மெத்தை என்றால் அது மெத்தைக்குப் பாராட்டு. ஆடம்பரமான மெத்தை என்றால் மெத்தைக்கும் திட்டு, வாங்கியவருக்கும் திட்டு.

இந்தக் கார்களின் கதையைத் தெரிந்தவர்களுக்கு இரண்டு சொல்லும் வேண்டும் என்பது இன்னும் நன்றாகப் புரியும். மெர்சிடிஸ் 1972-இல் எஸ் கிளாஸ் என்ற பெயரை அதிகாரபூர்வமாக வைத்தது. 1979 முதல் 1991 வரை வந்த அதன் அடுத்த தலைமுறை, அந்தக் கம்பெனியின் வடிவமைப்புத் தலைவர் புரூனோ சாக்கோ பொறுப்பில் வடிவமைக்கப்பட்டது. அகலம் உண்டு, அலட்டல் கிடையாது. எட்டு லட்சத்துக்கு மேல் விற்று, இன்றைக்கும் அதிகம் விற்ற எஸ் கிளாஸ் என்ற பெயரை வைத்திருக்கிறது. 1991-இல் அதற்குப் பின் வந்த வண்டியோ மலை மாதிரி இருந்தது. ஓட்டம் பிரமாதம், உள்ளே சத்தமே கேட்காது. ஆனால் இவ்வளவு பெரிதும் கனமும் எதற்கு, யாருக்குக் காட்ட என்று ஜெர்மனியிலேயே முணுமுணுத்தார்கள். 1998-இல் வந்த அடுத்த மாடலை இளைக்க வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். 1991 மாடல் மேல் சொன்ன குறையைத் தமிழில் எப்படிச் சொல்வது? சொகுசுக்குக் குறைவில்லை, ஆடம்பரம் அதிகமாகிவிட்டது என்று ஒரே வரியில் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் ஆடம்பரம் என்றே எழுதிப் பழகியவர் இங்கே என்ன செய்வார்? 'இந்த ஆடம்பரக் காரில் ஆடம்பரம் அதிகம்' என்றா எழுதுவார்?

எதிர் முகாமும் இப்படித்தான். பிஎம்டபிள்யூ 1977-இல் 7 சீரிஸைக் கொண்டுவந்தது. 2001-இல் கிறிஸ் பேங்கிள் வடிவமைப்புத் தலைவராக இருந்தபோது வந்த மாடலின் டிக்கி மூடி, மேலே தனியாக ஒன்றை ஒட்டி வைத்தது போலத் துருத்திக்கொண்டு நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள் இணையத்தில் கையெழுத்துப் போட்டு அவரை நீக்கச் சொன்னார்கள். ஆனாலும் வண்டி நன்றாகவே விற்றது. 2022-இல் வந்த இப்போதைய 7 சீரிஸ் 5.39 மீட்டர் நீளம். முகப்பு விளக்கு இரண்டாகப் பிரிந்திருக்கிறது, முன் கிரில் ஆள் உயரக் கதவு போல எழும்பி நிற்கிறது, பின்சீட்டில் இருப்பவருக்கு 31 அங்குலத் திரை கூரையிலிருந்து இறங்குகிறது. அந்தக் கிரில்லைப் பற்றி எழுதும்போது ஆடம்பரம் என்று எழுதுங்கள், நான் கை தட்டுவேன். அதற்கான சொல்லே அதுதான். பின்சீட்டைப் பற்றி எழுதும்போது மட்டும் சொகுசு என்று எழுதுங்கள். அந்த வண்டியை இந்தியாவுக்காகப் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுவது நம் செங்கல்பட்டுப் பக்கத்து ஆலையில்தான், எஸ் கிளாஸைப் பூட்டுவது புனே அருகே சாக்கனில். தமிழ்நாட்டுத் தொழிலாளி கை பட்டு வெளியே வருகிற காருக்கு ஒழுங்கான தமிழ்ச் சொல் வேண்டாமா?

டொயோட்டாவின் லெக்சஸை விட்டுவிட்டால் நியாயம் ஆகாது. 1989-இல் அதன் எல்எஸ் 400 கார் அமெரிக்காவுக்கு வந்தபோது அதன் தோற்றத்தில் யாரும் சொக்கிப் போகவில்லை, மெர்சிடிஸைப் பார்த்து வரைந்தது என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் அதன் விளம்பரத்தில் கண்ணாடிக் கோப்பைகளை பானெட் மேல் கோபுரமாக அடுக்கி, உருளைகளின் மேல் வண்டியை மணிக்கு 230 கிலோமீட்டர் வேகம் வரை ஓட்டிக் காட்டினார்கள். ஒரு கோப்பையும் சரியவில்லை. ஜெர்மன் கம்பெனிகள் இரண்டும் ஆடிப்போயின. ஆடம்பரம் துளியும் இல்லாமல் சொகுசை மட்டும் வைத்துச் சந்தையைப் பிடித்த கார் அது.

சரி, தூய தமிழ்ப் பக்கம். சொகுசு தெலுங்கிலிருந்து வந்தது, அதனால் ஆகாது என்று சிலர் கிளம்புகிறார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் சொகசு என்றால் அழகு, நயம். நம்மிடம் வந்து உடம்புக்கு இதமானது என்று பொருள் நகர்ந்திருக்கிறது. குகை, அம்மாபேட்டை என்று சேலத்தின் நெசவுப் பகுதிகளில் தறிச் சத்தத்தோடு தெலுங்கும் கன்னடமும் கேட்டு வளர்ந்த ஊர் இது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த சொல்லை வெளியே தள்ளுகிறவர், வடக்கேயிருந்து வந்த ஆடம்பரத்தை நடுவீட்டில் உட்கார வைப்பது என்ன கணக்கு? தூய்மைதான் அளவுகோல் என்றால் முதலில் போக வேண்டியது அதுதான். 'பகட்டு' நல்ல தமிழ், ஆனால் பொருளில் ஆடம்பரத்தையும் தாண்டிய வசவு.

உண்மையிலேயே எடை போட்டுப் பார்க்க வேண்டிய தமிழ்ச் சொல் 'நயம்'. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் நயம் பருப்பு, நயம் மிளகாய் என்றால் பொறுக்கி எடுத்த முதல் தரம். நயத்தல், விரும்புதல் என்பதிலிருந்து வந்த சொல். இது லக்சுரிக்குப் பொருந்தாது, பிரீமியம் என்பதற்குப் பொருந்தும். 'பிரீமியம் ஹேட்ச்பேக்' (தனி டிக்கி நீட்டாத சின்னக் கார்) என்பதை 'ஆடம்பர ஹேட்ச்பேக்' என்று மொழிபெயர்த்ததைப் பார்த்திருக்கிறேன். பத்து லட்ச ரூபாய்க் காருக்கும் ஆடம்பரம், ஒன்றே முக்கால் கோடிக் காருக்கும் ஆடம்பரம் என்றால் படிக்கிறவருக்கு என்ன தெரியும்? பிரீமியத்துக்கு நயம் அல்லது உயர்தரம், லக்சுரிக்குச் சொகுசு, கண்ணைப் பறிப்பதற்கென்றே செய்ததற்கு ஆடம்பரம். மூன்று பொருளுக்கு மூன்று சொல் கையில் இருக்கும்போது ஒன்றை வைத்தே காலம் தள்ளுவது சோம்பேறித்தனம்.

துண்டறிக்கையில் வந்த அந்தக் கொடிக்கப்பலையும் ஒரு கை பார்த்துவிடுகிறேன். கடற்படையில் தளபதி ஏறியிருக்கும் கப்பலில் அவருடைய கொடி பறக்கும், அதனால் ஆங்கிலத்தில் ஃபிளாக்‌ஷிப். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் காருக்குச் சூட்டினால் சேலத்தில் யாருக்குக் கப்பல் ஞாபகம் வரும்? சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஏற்காடு மலைப்பாதையில் எண் போட்டு நிற்கும் 'கொண்டை ஊசி வளைவு' அப்படிப் பெயர்த்த சொல்தான். கொண்டை ஊசியைப் பார்க்காத வீடு இல்லை, அதனால் வளைவின் வடிவம் சொல்லிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. இருபது வளைவிலும் ஒருவருக்கும் அகராதி தேவைப்படாது. கொடிக்கப்பலில் அப்படி எதுவும் தெரியவில்லை. தளபதியின் கப்பல் என்பதால் 'தலைமைக் கப்பல்', அதே வழியில் 'தலைமை மாடல்' என்று எழுதலாம். தலைமை ஆசிரியர், தலைமைச் செயலகம் என்று பழகிய வாய்க்கு அது இடறாது. 'முதன்மை செடான்' என்று எழுதுகிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை.

இந்த மொழிபெயர்ப்பாளர்களில் பலர் காருக்குள் உட்கார்ந்து பார்க்காமலே எழுதுகிறார்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் 'சாலைப் பிரசன்னம்', 'சவாரித் தரம்' என்றெல்லாம் வருமா? ரோட்டில் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பள்ளத்தில் இறங்கினால் குலுங்காது என்று எழுதினால் போதுமே. இப்போதைய எஸ் கிளாஸில் பின்சக்கரங்களும் 10 பாகை வரை திரும்பும் வசதி உண்டு. ஐந்தேகால் மீட்டர் நீளமான வண்டிகூடக் கொண்டை ஊசி வளைவில் ரிவர்ஸ் எடுக்காமல் திரும்பிவிடும். பின்சீட்டுக்காரர் அலுங்காமல் ஏற்காடு போய்ச் சேருவார். இதை 'ஆடம்பரமான கையாளுதல்' என்று எழுதியதை ஒரு பக்கத்தில் படித்தேன்.

கடைசியாக ஒற்று. 'சொகுசுப் பேருந்து', 'சொகுசுக் கார்' என்று ஒற்று போட்டே எழுதுங்கள். சொகுசை உடைய கார் என்பதில் வரும் 'ஐ' என்கிற வேற்றுமை உருபும் 'உடைய' என்கிற பயனும் அங்கே மறைந்து நிற்கின்றன, 'அரசுப் பள்ளி' போல. அடைமொழியாகப் பிரித்து எழுதினால் 'சொகுசான கார்', அங்கே ஒற்று வராது. சொகுசுந்து, இன்பவுந்து என்று புதிதாகப் பின்ன வேண்டாம். கார் என்கிற சொல் நம்மிடம் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.