மூணே மைக்குல ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா

செக் நாட்டு இசையமைப்பாளர் துவோர்ஷாக்கோட 'நியூ வேர்ல்ட்' சிம்பொனிய (பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதின நாலு பகுதி இசை) எந்த ரெக்கார்டிங்ல கேக்கலாம்னு யார் கேட்டாலும் நான் சொல்றது 1961ல இஸ்த்வான் கெர்டெஸ் வியன்னா பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவ நடத்தி டெக்காங்கற இசைத்தட்டு கம்பெனிக்காகப் பதிவு பண்ணினதுதான். அறுபது வருஷம் தாண்டியாச்சு, இன்னிக்கும் ஹெட்போன் மாட்டி கண்ண மூடினா முதல் வயலின்காரங்க இடது பக்கம், புல்லாங்குழல், கிளாரினெட் எல்லாம் நடுவுல கொஞ்சம் தள்ளி உள்ளன்னு யார் எங்க உக்காந்திருக்காங்கன்னே தெரியும்.

அதுக்குக் காரணம் மைக் வெச்ச விதம். டெக்கா இன்ஜினியருங்க 1950கள்ல ஒரு முறை கண்டுபிடிச்சாங்க, பேரு டெக்கா ட்ரீ. ஆர்கெஸ்ட்ராவ நடத்துற கண்டக்டர் தலைக்கு மேல, தரையிலேந்து சுமார் 3 மீட்டர் உயரத்துல மூணு மைக். இடது வலது மைக்குக்கு நடுவுல ஏறக்குறைய 2 மீட்டர், நடு மைக் ஒன்றரை மீட்டர் ஆர்கெஸ்ட்ரா பக்கம் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும். சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகுது, அப்போ 1 மீட்டர் தாண்ட 3 மில்லிசெகண்ட் ஆகும், இடது ஓரத்து வயலின் சத்தம் இடது மைக்க முதல்ல தொட்டுட்டு கொஞ்சம் லேட்டாத்தான் வலது மைக்குக்குப் போகும். நமக்கு இந்த இடைவெளி தனியா கேக்காது, ஆனா மூளை அத விடாது, எந்தப் பக்கத்துலேந்து முதல்ல வந்துச்சோ அங்கதான் ஆள் இருக்காருன்னு முடிவு கட்டிடும். காடு மேட்டுல சருகு சலசலத்தா சட்டுனு அந்தப் பக்கம் திரும்புறோமே, அதே வேலைதான்.

இன்னொண்ணு, அந்த மைக்குங்க எல்லா திசையிலேந்தும் வர்ற சத்தத்த எடுக்கும், அதனால ஹாலோட எதிரொலியும் சேர்ந்தே பதிவாகும். இது பதிவானது வியன்னாவுல சோஃபியன்சால்ங்கற மண்டபத்துல, அது 1838ல குளியல் கூடமா கட்டினது, அப்புறம் நீச்சல்குளத்து மேல பலகை போட்டு நடன மண்டபம் ஆக்கிட்டாங்க. கீழ காலியான குளம், மேல வளைஞ்ச கூரை, இந்த ரெக்கார்டிங் சத்தத்துல இருக்குற கதகதப்புக்கு இது ரெண்டும்தான் காரணம்னு சொல்லுவாங்க. 2001ல தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சு, திரும்பக் கட்டிட்டாலும் அந்தப் பழைய காத்து இந்த மாதிரி டேப்புலதான் மிச்சம்.

சிம்பொனியோட ரெண்டாவது பகுதி, அதாவது ரெண்டாவது மூவ்மென்ட் ஆரம்பத்துல பித்தளை வாத்தியமெல்லாம் மெதுவா சேர்ந்து ஊதும், அதுல ரொம்பத் தாழ்ந்த சத்தம் தர்ற ட்யூபா இந்த சிம்பொனியிலயே அந்த மூவ்மென்ட்ல மட்டும்தான் வரும், அப்புறம் இங்கிலீஷ் ஹார்ன்ங்கற மரக்குழல் வாத்தியம் தனியாப் பாடும். அது மூச்சு விடுற இடத்துல அந்த ஸ்வரம் சட்டுனு அறுந்துபோகாம ஹாலுக்குள்ள கரையுறது எனக்கு ரொம்பப் பிடிக்கும், அந்த ட்யூனவிட அதுக்காகவே நான் திரும்பத் திரும்பப் போடுவேன்.

கடைசி மூவ்மென்ட்ல சிம்பல், அதாவது பெரிய தாளத் தட்டு, ஒரே ஒரு தடவைதான், அதுவும் அடிச்சதே தெரியாத அளவுக்கு மெதுவா, கிளாரினெட் தன்னோட ட்யூன எடுக்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரும். ஃபேன ஆஃப் பண்ணிட்டுக் கேளுங்க.