எண்டோசூகோரி: தின்ற வாய் வழியே பரவும் விதை

எண்டோசூகோரி என்பது கிரேக்க வேர்களைக் கோத்துத் தாவரவியலாளர்கள் ஆக்கிக்கொண்ட சொல். 'எண்டோன்' என்றால் உள்ளே, 'சோவோன்' என்றால் விலங்கு, கடைசித் துண்டுக்கு இடம் பெயர்தல் என்று பொருள். பழத்தைத் தின்ற விலங்கின் உடலுக்குள் போன விதை, வேறோர் இடத்தில் வெளியே வந்து முளைப்பதற்கு இந்தப் பெயர். வேட்டியிலும் ஆட்டு மயிரிலும் ஒட்டிக்கொண்டு வரும் நாயுருவி இதில் சேராது. அது எபிசூகோரி, 'எபி' என்றால் மேலே.

இதை நேரில் பார்க்க ஆட்டுப்பட்டிக்குப் போனால் போதும். கோடையில் புல் காய்ந்ததும் மேய்ப்பவர்கள் தொரட்டியால் கருவேல நெற்றை உலுக்கிப் போடுவார்கள். ஆடுகள் அதை ஆசையாகத் தின்னும். இரவு பட்டியில் படுத்து அசைபோடும்போது கெட்டியான விதைகளைத் துப்பிவிடும். மிச்சம் புழுக்கையோடு வரும். கருவேல விதையின் தோல் கடினமானது, லேசில் நீர் உள்ளே இறங்காது. ஆட்டின் வயிற்றுக்குள் ஊறி வந்த விதைக்கு அந்தத் தோல் இளகியிருக்கும், எளிதாக முளைக்கும். நாற்று விடுகிறவர்கள் பட்டியில் விதை பொறுக்குவது இதனால்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேல் நம் கண்மாய்களை இவ்வளவு வேகமாகப் பிடித்ததில் அதன் இனிப்பு நெற்றைத் தின்ற ஆடுமாடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் எல்லா வாயும் விதைக்கு நல்லதல்ல. மிளகாயின் காரம் பாலூட்டிகளுக்குத்தான் எரியும், பறவைகளுக்கு உறைக்காது. எலி போன்றவை விதையைப் பல்லால் அரைத்துவிடும். பறவைக்குப் பல் இல்லை, விதை முழுசாகத் தப்பிவிடும். யார் தின்னலாம் என்று செடியே ஆள் பார்த்து வைத்திருப்பதுபோல இருக்கிறது. நட்டுவைக்காத காந்தாரி மிளகாய் வேலியோரம் முளைப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'விலங்குகள் மூலம் பரவுதல்' என்று எழுதுவதுண்டு. இலங்கையில் விதையை வித்து என்றும், பரவலைப் பரம்பல் என்றும் எழுதுவார்கள். இரண்டுமே நல்ல தமிழ்தான். ஆனால் 'விலங்குகள் மூலம்' என்றால் ஒட்டிப்போவதும் தின்றுபோவதும் ஒன்றாகிவிடும்.

எனக்கு முதலில் ஆசை வந்தது 'எச்சம்' என்ற சொல்லின் மேல். பறவை இடுவதும் எச்சம், மிஞ்சுவதும் எச்சம், ஒருவர் விட்டுச்செல்லும் சந்ததியும் எச்சம். 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்' என்ற குறளுக்கு மக்கட்பேறு என்று உரை சொல்வோரும் உண்டு. கோபுரத்து இடுக்கில் காக்கை போட்ட எச்சத்தில் முளைக்கும் ஆலங்கன்றுக்கு இந்த மூன்று பொருளும் பொருந்தும். ஆனாலும் 'எச்சவழிப் பரவல்' முழுக்கச் சரிவராது. எச்சம் என்றால் நமக்குப் பறவையும் பல்லியும்தான். ஆட்டுக்குப் புழுக்கை, மாட்டுக்குச் சாணம், யானைக்கு இலத்தி. அப்புறம், மேற்குத் தொடர்ச்சி மலையின் இருவாச்சிப் பறவை பெரிய விதைகளை வாய்வழியே கக்கிவிடுகிறது. பட்டி ஆடு துப்பியதும் அப்படித்தான். அதுவும் எண்டோசூகோரியே.

ஆகவே 'உணவுவழி விதைப்பரவல்' என்பதே என் தேர்வு. விதை எந்த வழியாக வெளியே வந்தாலும், இரையோடு உள்ளே போனது என்பது மாறாது. ஒட்டிப்போவதற்கு 'ஒட்டுவழி விதைப்பரவல்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஆல், அரசு, வேம்பு, சந்தனம் எல்லாம் முதல் வகை. புல்லுருவியும் அதில்தான் சேரும்: பூங்கொத்தி விழுங்கிய அதன் விதை பசையோடு வெளியே வந்து கிளையில் ஒட்டிக்கொண்டாலும், பயணம் செய்தது குருவியின் வயிற்றுக்குள்தான்.