வால்வு ஆம்ப் உறுமினால் எங்கே தேடுவது?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: 1950களின் ஃபெண்டர் டீலக்ஸ் கிட்டார் ஆம்ப் (5இ3 சர்க்யூட்) கைக்கு வந்திருக்கிறது; ஆன் செய்ததும் 'ம்ம்ம்' என்று விடாத உறுமல்; எல்லா வால்வுகளையும் (கண்ணாடி வெற்றிடக் குழாய்களை) மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா? இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்த உறுமலைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 230 வோல்ட்டை 117 ஆக இறக்கும் டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் அதிர்வெண் மாறாது. வால்வின் ஹீட்டர் கம்பிகளில் ஓடுவது அதே 50. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் அலையின் இரண்டு பாதிகளையும் ஒரே பக்கம் திருப்பிவிடுவதால், டிசி சப்ளையில் மிஞ்சும் ஏற்ற இறக்கம் 100 ஹெர்ட்ஸ். இதை அளக்கக் கருவி வேண்டாம், கிட்டாரே போதும். ஆறாம் கம்பியின் மூன்றாம் கட்டை 98 ஹெர்ட்ஸ் தரும். உறுமல் அதோடு ஒத்துப்போனால் சப்ளைப் பக்கம் தேடுங்கள். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் ஹீட்டர் அல்லது எர்த் பக்கம்.

திறப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. உள்ளே 350 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது; பிளக்கை உருவிய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை நன்கு இன்சுலேட் செய்த கிளிப்புகளோடு சேசிஸுக்கும் (ஆம்ப்பின் உலோகச் சட்டம்) சப்ளையின் முதல் மின்தேக்கியின் நேர்முனைக்கும் இடையே சில வினாடிகள் பிடித்து, மீட்டரில் பூச்சியம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே கையை வையுங்கள். பழைய இரண்டு முள் வயர் இருந்தால் எர்த்தோடு கூடிய மூன்று முள் வயராக மாற்றி, மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் சிறு மின்தேக்கியை வெட்டி எறியுங்கள். உறுமல் குறைகிறது என்பதற்காக எர்த் முள்ளை எடுத்துவிடும் பழக்கம் உயிரோடு விளையாடுவது.

இனி வால்வுகளை உருவிப் பார்க்கலாம். முதலில், கிட்டாரின் சிக்னலை வாங்கிப் பெருக்கும் 12ஏஒய்7. உறுமல் நின்றால் கோளாறு அந்தக் கட்டத்தில், அல்லது அதற்கு வரும் கம்பியில். நிற்காவிட்டால் அடுத்த 12ஏஎக்ஸ்7. அதை எடுத்தும் உறுமினால் மிச்சம் இருப்பது சப்ளையும் ஸ்பீக்கரை இயக்கும் இரண்டு 6வி6 வால்வுகளும்தான்.

சப்ளையில் மூன்று மின்தேக்கிகள், ஒவ்வொன்றும் 16 மைக்ரோஃபாரட். நடுவே 5 கிலோ ஓம், பிறகு 22 கிலோ ஓம். மொத்தம் 80 மில்லிஆம்பியர் இழுப்பதாக வைத்தால், முதல் மின்தேக்கியில் ஏற்ற இறக்கம் அதிகபட்சம் 0.08 ÷ (100 × 0.000016), அதாவது 50 வோல்ட். 100 ஹெர்ட்ஸில் 16 மைக்ரோஃபாரட்டின் மின்தடுப்பு சுமார் 100 ஓம். ஆகவே 5 கிலோ ஓமைத் தாண்டும்போது 50 வோல்ட் 1 வோல்ட்டாகிறது. 22 கிலோ ஓமைத் தாண்டியதும் 4.5 மில்லிவோல்ட். நடு மின்தேக்கி காய்ந்து 1 மைக்ரோஃபாரட் ஆகிவிட்டால், அந்த 1 வோல்ட் 15 ஆகும், கடைசியில் 68 மில்லிவோல்ட் வந்து நிற்கும். எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிக்குள் இருப்பது ஈரப்பசை. 70 வருடத்தில் அது காயத்தான் செய்யும். 'ஒரிஜினலைத் தொட்டால் டோன் போய்விடும்' என்று அதைக் காப்பாற்றுவது வீண். மூன்றையும் 22 மைக்ரோஃபாரட், 500 வோல்ட் ஆக மாற்றுங்கள். அதற்காக முதல் இடத்தில் 100 வைத்துவிடக் கூடாது: ஒவ்வொரு முறை நிரம்பும்போதும் பாயும் மின்னோட்டத்தை 5ஒய்3 ரெக்டிஃபையர் தாங்காது.

ஆனால், முதல் மின்தேக்கியில் ஆடும் அந்த 50 வோல்ட்? அது நேராக அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்குத்தானே போகிறது, நல்ல நிலையில் இருக்கும் ஆம்ப் ஏன் அலறவில்லை? இந்த வடிவமைப்பின் அழகே இங்கேதான் இருக்கிறது. சப்ளை, அந்த டிரான்ஸ்பார்மரின் பிரைமரிச் (உள்ளீட்டுச்) சுருளின் நடுவில் நுழைந்து இரு பக்கமும் பிரிந்து இரண்டு 6வி6களுக்கும் போகிறது. சப்ளை ஏறினால் இரண்டு பாதியிலும் மின்னோட்டம் ஒன்றாக ஏறும். இறங்கினால் ஒன்றாக இறங்கும். இரண்டும் இரும்புக் கருவை எதிரெதிர்த் திசையில் காந்தமாக்குவதால் விளைவு பூச்சியம். வடம் இழுக்கும் போட்டியில் இரு அணியும் ஒரே நேரத்தில் ஒரே அளவு பலத்தைக் கூட்டினால் நடு முடிச்சு அசையாதல்லவா, அதுபோல. இசை மட்டும் எப்படி வெளியே வருகிறது? ஒரு வால்வுக்கு ஏறும்போது மற்றதற்கு இறங்கும்படி அதைப் பிரித்து அனுப்புகிறது 12ஏஎக்ஸ்7. ஓர் அணி இழுக்க மற்றது விட்டுக்கொடுக்கிறது; முடிச்சு நகர்கிறது. சப்ளையின் அழுக்கையும் பாட்டையும் ஒரே டிரான்ஸ்பார்மர் இப்படித் தரம் பிரிக்கிறது! ஒற்றை 6வி6 கொண்ட ஃபெண்டர் சாம்ப் ஆம்ப்புக்கு இந்த வசதி இல்லை.

அப்படியானால் அணிகளின் பலம் மாறினாலே போதும், மின்தேக்கிகள் புதிதாக இருந்தாலும் உறுமும். இதில் கத்தோடு (வால்வில் எலக்ட்ரானை உமிழும் முனை) ரெசிஸ்டர் இரண்டு வால்வுக்கும் பொது என்பதால் அங்கே அளந்து பயனில்லை. ஆம்ப்பை அணைத்துப் பிரைமரியின் இரு பாதிகளின் ஓம் அளவைத் தனித்தனியாகக் குறியுங்கள் (அவை சமமாக இருக்காது, அது கோளாறு அல்ல). பிறகு மீட்டரின் கிளிப்புகளை மாட்டி ஆன் செய்து, ஒவ்வொரு பாதியிலும் விழும் வோல்ட்டை அளந்து, ஓமால் வகுத்தால் அந்தந்த வால்வின் மின்னோட்டம் கிடைக்கும். ஒன்று 38, மற்றது 37 மில்லிஆம்பியர் என்றால் நிம்மதி. 45, 30 என்றால் காரணம் தேட வேண்டும்.

காரணம் வால்வு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். 12ஏஎக்ஸ்7இலிருந்து 6வி6இன் கிரிட்டுக்குப் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) போகும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி கசியலாம். வெறும் 10 மைக்ரோஆம்பியர் கசிந்தாலும், 220 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் 2.2 வோல்ட் நேர்மின்னழுத்தம் ஏறி அந்த வால்வு கூடுதலாக இழுக்கும். 12ஏஎக்ஸ்7இன் கத்தோடு பக்கத்தைவிடப் பிளேட் (எலக்ட்ரானை வாங்கும் முனை) பக்க மின்தேக்கியே அதிக வோல்ட்டைத் தாங்குவதால் அதையே முதலில் சந்தேகியுங்கள். 6வி6இன் ஐந்தாம் பின்னில் (அதுதான் கிரிட்) பூச்சியம் இருக்க வேண்டும். வோல்ட் காட்டினால், அணைத்துவிட்டு அந்த 6வி6ஐ மட்டும் உருவி, மீண்டும் ஆன் செய்து அளக்கவும். வோல்ட் அப்படியே நின்றால் மின்தேக்கி. மறைந்தால் வால்வுக்குள் வாயு. இரண்டையும் ஒன்றாக உருவ வேண்டாம், சுமை குறைந்து சப்ளை எகிறிவிடும். கசியும் மின்தேக்கியை விட்டுவைத்துப் புது வால்வு போட்டால் அதுவும் சீக்கிரம் தேய்ந்துபோகும். ரெக்டிஃபையருக்குப் பின்னால் பிறக்கும் உறுமலைத் தீர்ப்பதாகச் சொல்லி விலையுயர்ந்த பவர் கேபிள் விற்கிறார்கள். சுவரிலிருந்து வரும் வயருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

50 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு வேலை குறைவு. ஹீட்டரின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைத்திருந்தால் அதைப் பிரித்து, இரு முனையிலிருந்தும் 100 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒவ்வொன்றைச் சேசிஸுக்குப் போட்டு, கம்பிகளை இறுக்கமாக முறுக்கிவிடுங்கள்.

எல்லாம் சரியாகி, ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றாமலே காதை அருகில் வைத்துப் பாருங்கள். ஸ்பீக்கரில் அமைதி, பெட்டியில் மட்டும் அதிர்வு என்றால் அது பவர் டிரான்ஸ்பார்மர். 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியதை 50இல் ஓட்டும்போது இரும்பில் காந்தப்பாயம் 20 சதவீதம் கூடும். உள்ளே வரும் வோல்ட்டை 105 அளவுக்கு இறக்கி, ஒரு மணி நேரம் கழித்தும் டிரான்ஸ்பார்மர் கை பொறுக்காத அளவு சுடுகிறதா என்று பாருங்கள். சுட்டால், 50 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியதாக ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள்.