முதலில் சூடு, அப்புறம்தான் பால்

போன வாரம் ஒரு மழை இராத்திரி, பினாங்கின் ஜெலுத்தோங்கிலிருந்து ஓர் அக்கா செருப்புப் பெட்டியில் மூன்று நாய்க்குட்டிகளை எங்கள் கால்நடை கிளினிக்குக்குக் கொண்டுவந்தார். பிறந்து மூன்று நாள்தான். தாயிடம் பால் குடிக்கவில்லை என்று இரண்டு இராத்திரி கண் விழித்துச் சிரிஞ்சில் பால் ஊட்டியிருக்கிறார். ஒரு குட்டியின் மூக்கு நுனியில் பால் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், பிளாஸ்டிக் பையைக் கசக்குவது போன்ற சத்தம். விடிவதற்குள் அந்தக் குட்டி இறந்துவிட்டது. இந்த மாதத்தில் இப்படி வந்தது இது நான்காவது பெட்டி. அதனால்தான் எழுதுகிறேன்.

மற்ற இரண்டு குட்டிகளின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. தெர்மாமீட்டர் 33.5 டிகிரி காட்டியது. "பால் உள்ளே போனா சூடு வந்துடும்னு நெனச்சேன் டாக்டர்" என்றார் அந்த அக்கா.

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. பால் குடிக்காததால் குட்டி குளிர்ந்துபோனது என்கிறீர்கள். பல சமயம் குளிர்ந்துபோனதால்தான் அது குடிக்கவில்லை. பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. உடம்பு 35 முதல் 37 டிகிரி வரை இருக்க வேண்டும். 35-க்குக் கீழே இறங்கினால் சப்பும் சக்தி குறையும், குடலும் ஓய்ந்துவிடும். அப்போது ஊட்டிய பால் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கும். வயிறு உப்பும், பால் மேலே ஏறும், ஏறியது நுரையீரலுக்குள் இறங்கும். பசியோடு இருக்கும் குட்டிக்கு இன்னும் சில மணி நேரம் இருக்கிறது. குளிர்ந்த குட்டியின் வயிற்றில் பாலை ஊற்றினால் அந்த நேரத்தையும் பறித்துவிடுகிறீர்கள்.

"பினாங்கு வெயில்ல குட்டிக்குக் குளிருமா?" என்று கேட்பவர்கள், மழை பெய்த இரவில் டைல்ஸ் தரையில், மின்விசிறிக்குக் கீழே, வெறும் உடம்போடு படுத்துப் பாருங்கள். முதல் வாரம் குட்டி படுக்கும் இடம் 30 டிகிரி அளவில் இருக்க வேண்டும். ஏர்கான் அறை வேண்டவே வேண்டாம்.

சரி, என்ன செய்வது? போத்தலில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி, துண்டில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துபோக மறுபக்கம் இடம் இருக்கட்டும். ஒன்று முதல் மூன்று மணி நேரம் எடுத்து, மெதுவாகச் சூடேற்றுங்கள். ஹேர் டிரையர் பிடிப்பது, கொதிநீர்ப் போத்தலைத் தோலில் ஒட்டிவைப்பது எல்லாம் கூடாது; தோல் வெந்துவந்த குட்டிகளையும் பார்த்துவிட்டேன்.

உடம்பு சூடாகி, விரலை வைத்தால் சப்புகிறதா? அப்புறம் பால். கடையில் கிடைக்கும் நாய்க்குட்டிப் பால் மாவுதான் வேண்டும். பசும்பாலில் புரதமும் கொழுப்பும் நாய்ப்பாலைவிடக் குறைவு, பால் சர்க்கரை அதிகம், வயிற்றுப்போக்கு வரும். தே தாரிக் டீக்கு ஊற்றும் டின் பாலைத் தயவுசெய்து குட்டிப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கப் பிடிக்காதீர்கள். அம்மாவிடம் குடிக்கும்போது குட்டி எப்படிப் படுத்திருக்கிறது? குப்புற, தலையைச் சற்றே தூக்கி. அதேபோலத் துண்டின்மேல் கிடத்தி, சின்ன நிப்பிள் போத்தலில் கொடுங்கள். போத்தலைக் கவிழ்த்தால் பால் சொட்ட வேண்டும், ஒழுகக் கூடாது. 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லிக்கு மேல் வேண்டாம். இரண்டு, மூன்று மணிக்கொரு முறை, இராத்திரியிலும்தான். வயிற்றுக்குள் டியூப் விட்டு ஊட்டுவதை நாங்களே டியூபின் நீளம் அளந்துதான் செய்கிறோம். வீடியோ பார்த்து வீட்டில் முயல வேண்டாம்.

ஊட்டி முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றையும் பின்பக்கத்தையும் மெல்லத் தடவிவிடுங்கள். தாய் நக்கிவிடாவிட்டால் குட்டியால் சிறுநீர், மலம் கழிக்க முடியாது. சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிவையுங்கள். ஒரு நாள் எடை ஏறவில்லை என்றாலே கூப்பிடுங்கள். மூக்கில் பால் வந்தால் ஊட்டுவதை உடனே நிறுத்துங்கள். அண்ணம் பிளந்திருக்கிறதா என்று நாங்கள் பார்க்க வேண்டும். தாயையும் கூட்டிவாருங்கள், அதன் மடி வீங்கியிருக்கலாம்.

அந்த அக்காவின் இரண்டு குட்டிகளையும் இரண்டரை மணி நேரம் சூடேற்றினோம். மூன்று மணிக்கு ஒன்று என் சுண்டுவிரலைச் சப்பியது, கொஞ்ச நேரத்தில் மற்றொன்றும். அடுத்த முறை உங்கள் வீட்டில் நடந்தால், குட்டியைத் துண்டில் சுற்றி, சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு காரில் ஏறுங்கள். வழியில் எதுவும் ஊட்ட வேண்டாம்.