தவழாமலே நடந்தால் என்ன?

என் அக்காவின் மகள்வழிப் பேத்திக்கு அப்போது பத்து மாதம். ஒரு காலை மடக்கி, மறுகாலின் குதிகாலை ஊன்றி, ஒரு உள்ளங்கையால் தரையைத் தள்ளி, உட்கார்ந்தபடியே சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்துவிடுவாள். இன்னொரு கையில் கரண்டி, பத்திரமாக. பார்க்க வேடிக்கைதான். அக்காவுக்கோ தூக்கம் போயிற்று: "தவழாத பிள்ளைக்குப் படிப்பு ஏறாதாமே?"

இந்தப் பயம் பரவியதில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தவழ்தலே மூளையைச் சீராக அமைக்கிறது, அதைத் தாண்டிப் போனால் பின்னால் வாசிப்பில் இடறும் என்று டோமன், டெலகாட்டோ என்ற இருவர் அங்கே ஒரு சிகிச்சை முறையையே நடத்தினார்கள். அதற்கு ஆதாரம் இல்லையென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1982-லும் 1999-லும் அறிக்கை விட்டது. கருத்து மட்டும் சாகவில்லை.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்துவந்தது. அத்தனையும் ஆரோக்கியமான குழந்தைகள். அவர்களில் 4.3 சதவீதம் பேர் முட்டிபோட்டுத் தவழவே இல்லை. உட்காருதல், பிடித்து நிற்றல், பிடித்து நடத்தல், தனியே நிற்றல், நடத்தல் ஆகிய ஐந்தும் பெரும்பாலும் ஒரே வரிசையில் வந்தன. தவழ்தல் மட்டும் நினைத்த இடத்தில் நுழைந்தது. 2022-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வளர்ச்சிப் பட்டியலிலிருந்து தவழ்தலை எடுத்தேவிட்டது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களிலும் அதற்குத் தனிப் பெயர் கிடையாது. அவற்றில் ஒன்றான செங்கீரையில் குழந்தை ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி, கைகளை ஊன்றித் தலையாட்டுகிறது. கரண்டிக்காரியின் சாயல் அதில் கொஞ்சம் தெரிகிறது.

பப்புவா நியூ கினியின் ஆவ் இனத்தார் குழந்தையைப் பெரும்பாலும் தூளியில் சுமந்தே திரிகிறார்கள், தரையில் அதிகம் விடுவதில்லை. அங்கே பிள்ளைகள் உட்கார்ந்து நகர்ந்து, அப்படியே எழுந்து நடக்கின்றன. ஆக, மூளையில் எழுதிவைத்த கட்டாயப் படி என்று தவழ்தலைச் சொல்ல முடியாது. அந்தப் பொம்மைக்கு எப்படிப் போய்ச் சேருவது என்ற கணக்குக்குக் குழந்தை கண்டுபிடிக்கும் பல விடைகளில் அதுவும் ஒன்று.

அதற்காகத் தவழ்தலால் பயனே இல்லை என்று சொல்லவரவில்லை. தானாக நகரத் தொடங்கிய பிறகுதான் குழந்தைக்குப் பள்ளத்தைக் கண்டு எச்சரிக்கை வருகிறது. கண்ணாடித் தளத்தின் அடியில் பள்ளம் தெரியும்படி அமைத்துச் செய்த சோதனைகளில், வயதைவிட நகர்ந்த அனுபவமே முக்கியம் என்று உளவியலாளர் ஜோசப் கேம்போஸ் குழுவினர் கண்டார்கள். முட்டியால் நகர்ந்தாலும் பிட்டத்தால் நகர்ந்தாலும் நகர்வது நகர்வதுதானே. தரையில் பாய் விரித்து, விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விட்டால் போதும். சக்கரம் வைத்த வாக்கர் வேண்டவே வேண்டாம். அதில் உருண்டு மாடிப்படியில் விழுந்த குழந்தைகள் ஏராளம் என்பதால் கனடா 2004-ல் அதைத் தடையே செய்துவிட்டது.

கவனிக்க வேண்டியவை வேறு. ஒரு பக்கக் கையையோ காலையோ எப்போதும் இழுத்துக்கொண்டு நகர்வது, உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருப்பது, ஒன்பது மாதமாகியும் தனியே உட்காராதது, பதினெட்டு மாதமாகியும் நடக்காதது, கற்றதை மறப்பது. இவற்றில் எது தெரிந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்ட நாள் பார்க்கக் கூடாது.

உட்கார்ந்து நகரும் பிள்ளைகள் நடக்கக் கொஞ்சம் தாமதிப்பதும், அந்தப் பழக்கம் குடும்பவழியாக வருவதும் சகஜம். அக்கா சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு: "உங்க மாப்பிள்ளை மட்டும் என்னவாம்? பதினேழு மாசம் வரைக்கும் குண்டியாலேயேதான் வீட்டைப் பெருக்கினான்!"